லண்டன் தாதிக்கு ஒரு சம்பளம், ஒக்ஸ்போர்ட் தாதிக்கு ஒரு சம்பளம்

ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்களில் கடை வைத்திருக்கும் வர்த்தகர்கள் இப்பகுதிக்கு அனுப்பும் கேள்விகளில் ஒன்று திரும்பத் திரும்ப வருகின்றது. "கொழும்புக் கடையில் நிற்பவருக்கும் ஊர்க் கிளையில் நிற்பவருக்கும் ஒரே சம்பளம் கொடுப்பதா, வித்தியாசம் வைப்பதா? வித்தியாசம் வைத்தால் அநீதி என்கிறார்கள். வைக்காவிட்டால் கொழும்பில் ஆள் நிற்பதில்லை." இதற்கு நானும் பல வருடங்களாகப் பதில் தேடிக்கொண்டுதான் இருந்தேன். கடைசியில் அது கிடைத்த இடம் ஒரு வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவு. நோயாளியாகப் போய்ப் படுக்கவில்லை, பயப்பட வேண்டாம்.

என் தங்கச்சியின் மகள் இங்கிலாந்தில் அவசர சிகிச்சைப் பிரிவில் தாதியாக வேலை செய்கிறாள். முதலில் வட இங்கிலாந்தின் ஒரு சிறிய நகரத்தில் இருந்தாள். பின்னர் லண்டனுக்குப் போனாள். விடுமுறையில் வந்திருந்தபோது, "லண்டன் போனதால எவ்வளவு கூடக் கிடைக்குது மகள்?" என்று கேட்டேன். வியாபாரியின் வாய் வேறென்ன கேட்கும்?

"கூடத்தான் கிடைக்குது மாமா. ஆனா கையில மிஞ்சுறது முந்தியவிடக் குறைவு" என்றாள்.

எனக்கு அது விளங்கவில்லை. என் கணக்குக் கொப்பியையே வாங்கி, அதன் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினாள். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கின்றது. பிறகு நானும் சிலவற்றைத் தேடி வாசித்தேன். அவற்றைத்தான் இவ்வாரம் உங்கள் முன் வைக்கிறேன்.

நாடு முழுவதற்கும் ஒரே விலைப்பட்டியல்

இங்கிலாந்தின் அரசாங்க சுகாதார சேவையில் 2004ஆம் ஆண்டிலிருந்து சம்பளம் தரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றது. புதிதாகச் சேரும் தாதி ஐந்தாம் தரத்தில் சேருகிறார். 2025-26 நிதியாண்டில் அத்தரத்தின் ஆரம்பச் சம்பளம் வருடத்துக்கு 31,049 பவுண். வடக்கே சிறு நகரமாயினும் தெற்கே கடற்கரை நகரமாயினும் இதுதான் சம்பளம். இரவில் விபத்துக்கு உள்ளானவரைத் தூக்கி வரும் அவசரப் பிரிவில் நிற்பவருக்கும், பகலில் மட்டும் நடக்கும் சிகிச்சைப் பிரிவில் நிற்பவருக்கும் தரம் ஒன்றென்றால் அடிப்படைச் சம்பளமும் ஒன்றே.

அவசரப் பிரிவினருக்குக் கையில் கொஞ்சம் கூட வருவது நேரத்தினால்தான். வார நாட்களின் இரவு வேலைக்கும் சனிக்கிழமை வேலைக்கும் 30 வீதம் மேலதிகமாகச் சேரும். ஞாயிறும் பொது விடுமுறை தினமும் என்றால் 60 வீதம். அவசரப் பிரிவுக்குக் கதவு மூடும் நேரம் என்று ஒன்று கிடையாதல்லவா? ஆகவே அங்கு வேலை செய்பவருக்கு இந்த மேலதிகம் மாதந்தோறும் வரும்.

இனி இடத்துக்கு வருவோம். லண்டனுக்கு மட்டும் ஒரு விசேட கொடுப்பனவு உண்டு. லண்டனின் உள்வட்டத்துக்கு 20 வீதம், வெளிவட்டத்துக்கு 15 வீதம், எல்லையோரப் பகுதிகளுக்கு 5 வீதம். புதிதாகச் சேரும் தாதிக்கு உள்வட்டத்தில் இது 6,210 பவுண் அளவில் வரும். ஆகச் சம்பளம் 37,259 பவுண். மாதக் கணக்கில் பார்த்தால் வரி கழிக்க முன்னர் ஏறக்குறைய 517 பவுண் கூடுதல்.

இங்கேதான் மருமகள் பேனையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். வடக்கில் அவள் ஒரு முழு வீட்டுக்குக் கொடுத்த வாடகைக்கு லண்டனில் ஒரு அறைதான் கிடைத்தது. குளியலறையும் குசினியும் பொது. முந்தியதைப் போல ஒரு வீடு வேண்டுமென்றால் அந்த 517 பவுணையும் கொடுத்து, மேலும் கையிலிருந்தும் போட வேண்டும். "அப்ப ஏன் போன?" என்றேன். "அங்க கேஸ் வாற அளவுக்கு வேற எங்கயும் படிக்க ஏலாது மாமா" என்றாள். அது வேறு கணக்கு. அதற்கு என் கொப்பியில் நிரல் இல்லை.

இக்கொடுப்பனவில் நம் போன்றவர்கள் பார்த்துப் பழக வேண்டிய ஒரு நுணுக்கம் இருக்கின்றது. வீதக் கணக்கோடு ஒரு குறைந்தபட்சத் தொகையும் ஒரு உச்ச வரம்பும் வைத்திருக்கிறார்கள். உள்வட்ட லண்டனில் குறைந்த சம்பளம் பெறும் துப்புரவு ஊழியருக்கு 20 வீதத்தைக் கணக்கிட்டால் மிகக் குறைவாக வரும். ஆகவே அவருக்குக் குறைந்தபட்சத் தொகையைக் கொடுத்துவிடுகிறார்கள். அது அவருடைய சம்பளத்தில் 20 வீதத்துக்கும் கூடுதலாகிறது. பெரிய பதவியில் இருப்பவருக்கோ உச்ச வரம்பில் நின்றுவிடும். அறை வாடகை பதவி பார்த்து ஏறுவதில்லை என்பதை யாரோ ஒருவர் யோசித்துத்தான் இதை அமைத்திருக்கிறார்.

கோடு கீறினால் வரும் வில்லங்கம்

வரைபடத்தில் ஒரு கோடு கீறி, இந்தப் பக்கம் கொடுப்பனவு உண்டு, அந்தப் பக்கம் இல்லை என்றால் என்ன நடக்கும் என்பதற்கு ஒக்ஸ்போர்ட் நல்ல உதாரணம். பல்கலைக்கழகத்தால் உலகப் புகழ் பெற்ற நகரம் அது. வீட்டு விலையும் வாடகையும் இங்கிலாந்தின் உச்சத்தில் நிற்கும் ஊர்களில் ஒன்று. ஆனால் லண்டன் வட்டத்துக்கு வெளியே இருப்பதால் அங்குள்ள அவசரப் பிரிவுத் தாதிக்கு இடத்துக்கான கொடுப்பனவு ஒரு சதமும் இல்லை. கேம்பிரிட்ஜும் அப்படியே. மலிவான வடக்கு நகரத் தாதியும் ஒக்ஸ்போர்ட் தாதியும் வாங்குவது அதே 31,049 பவுண்தான்.

ஆள் கிடைக்காத இடங்களில் 30 வீதம் வரை தனியாகக் கூட்டிக் கொடுக்க வைத்தியசாலைகளுக்குச் சம்பள விதிகளில் வழியுண்டு. ஆனால் எல்லா வைத்தியசாலைகளும் அதைப் பயன்படுத்துவதில்லை. வரவு செலவுத் திட்டத்தில் பணம் இருந்தால்தானே?

எல்லைக்கு வடக்கே போனால் இன்னொரு வித்தியாசம். ஸ்கொட்லாந்தில் சுகாதாரம் அங்குள்ள அரசாங்கத்தின் கையில் இருக்கின்றது. ஆகவே சம்பளப் பேச்சுவார்த்தையும் தனி. 2025-26இல் அதே ஐந்தாம் தரத் தாதிக்கு அங்கு ஆரம்பச் சம்பளம் 33,000 பவுணுக்கு மேல். வாழ்க்கைச் செலவில் லண்டனுக்குக் கிட்டவும் வராத பல ஊர்கள் அங்கு உண்டு. சம்பளத்தை இடம் மட்டும் தீர்மானிப்பதில்லை, மேசையில் யார் உட்கார்ந்து பேசுகிறார்கள் என்பதும் தீர்மானிக்கின்றது.

வித்தியாசத்தை யார் கட்டுகிறார்?

ஒரே சம்பளம் என்பது கேட்பதற்கு நீதியாகவே இருக்கின்றது. செலவு கூடிய ஊரில் அந்தச் சம்பளம் போதாது என்றால், அந்தக் குறையை யாராவது ஒருவர் கட்டித்தான் ஆகவேண்டும். யார் கட்டுகிறார்?

கரோல் ப்ரொப்பர், ஜோன் வான் ரீனன் என்ற இரு பொருளியலாளர்கள் இதைத்தான் ஆராய்ந்தார்கள். 2010இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வின் தலைப்பே திடுக்கிட வைக்கும்: சம்பளக் கட்டுப்பாடு ஆளைக் கொல்லுமா? இங்கிலாந்தின் வைத்தியசாலைகளை எடுத்து, ஒவ்வொன்றும் அமைந்துள்ள பகுதியில் வெளித் தொழில்களுக்கு என்ன சம்பளம் கிடைக்கிறது என்று பார்த்தார்கள். பின்னர், மாரடைப்பு வந்து அவசரமாகக் கொண்டுவரப்பட்டவர்களில் எத்தனை பேர் வைத்தியசாலையில் இறந்தார்கள் என்று பார்த்தார்கள். வெளியே சம்பளம் கூடிய பகுதிகளில் இந்த மரணங்களும் கூடியிருந்தன.

காரணத்தையும் தேடியிருக்கிறார்கள். வெளியே நல்ல சம்பளம் கிடைக்கும் ஊரில் நிரந்தரத் தாதியர் வைத்தியசாலையில் நிற்பதில்லை. இடைவெளியை நிரப்ப ஏஜென்சியிடமிருந்து தற்காலிகத் தாதியரை எடுக்கிறார்கள். வருபவர் திறமைசாலியாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பிரிவில் மருந்து எந்த அலுமாரியில் இருக்கிறது, எந்த வைத்தியரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. மாரடைப்பு நோயாளிக்கு ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

அத்தோடு, மிச்சம் பிடித்ததாக நினைத்த பணமும் மிச்சமாவதில்லை. ஏஜென்சித் தாதிக்கு மணித்தியாலக் கட்டணம் கூட. அதற்கு 2015இல் அரசாங்கம் உச்ச விலை விதித்தது. அப்படியிருந்தும் 2022-23இல் இங்கிலாந்தின் சுகாதார சேவை எல்லா வகை ஏஜென்சி ஊழியர்களுக்குமாகச் செலவிட்டது 3 பில்லியன் பவுணுக்கு மேல். சம்பளப் பட்டியலில் கொடுக்க மறுத்ததை வேறொரு பட்டியலில் கொடுத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் வழி வேறு

அமெரிக்காவில் நாடளாவிய சம்பளப் பட்டியல் கிடையாது. ஒவ்வொரு வைத்தியசாலையும் தன் விலையைத் தானே வைக்கும். அவசரப் பிரிவுத் தாதியருக்கென்று அந்நாட்டுத் தொழில் புள்ளிவிபரப் பணியகம் தனிக் கணக்கு வெளியிடுவதில்லை. பதிவு பெற்ற தாதியர் என்ற பொதுக் கணக்கில் அவர்களும் அடங்குகிறார்கள். 2022 மே மாதக் கணக்கின்படி நாட்டின் சராசரி வருடச் சம்பளம் சுமார் 89,000 டொலர். கலிபோர்னியாவில் சுமார் 133,000 டொலர். தென் டகோட்டா மாநிலத்தில் சுமார் 64,500 டொலர். ஒரே வேலைக்கு இரண்டு மடங்கு வித்தியாசம்.

"கலிபோர்னியாவில் வாழ்க்கைச் செலவு கூட, அதுதான்" என்று உடனே சொல்லத் தோன்றும். நானும் சொன்னேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் பாதிதான் சரி. நாட்டின் சராசரி விலைமட்டத்தை 100 என்று வைத்தால் கலிபோர்னியா 112 அளவிலும் தென் டகோட்டா 88 அளவிலும் நிற்கின்றன. இதை வைத்துச் சம்பளத்தைச் சரிப்படுத்தினால் கலிபோர்னியா ஏறக்குறைய 119,000, தென் டகோட்டா 73,000. விலைவாசியைக் கழித்த பின்னரும் ஒன்று மற்றதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். இந்த மீதி எங்கிருந்து வருகின்றது?

ஒன்று சட்டம். கலிபோர்னியா 1999இல் நிறைவேற்றிய சட்டத்தின் கீழ் 2004 ஜனவரியிலிருந்து ஒரு தாதிக்கு இத்தனை நோயாளிகள்தான் என்று வரம்பு வந்தது. அவசரப் பிரிவில் ஒருவருக்கு நான்கு நோயாளிகள். நிலைமை மோசமானவர்கள் என்றால் இரண்டு. உயிராபத்தான விபத்துக் காயம் என்றால் ஒருவருக்கு ஒருவர். ஆள் குறைந்தால் சமாளித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல முதலாளிக்கு வழியில்லை. எடுத்தே ஆகவேண்டும் என்றால் விலை ஏறத்தானே செய்யும்?

அடுத்தது தொழிற்சங்கம். கலிபோர்னியாவில் தாதியர் சங்கம் பலமானது. மூன்றாவது அனுமதிப்பத்திரம். ஒரு மாநிலத்தில் பெற்ற அனுமதிப்பத்திரத்தோடு மற்ற மாநிலத்திலும் வேலை செய்யலாம் என்று நாற்பதுக்கு மேற்பட்ட மாநிலங்களும் பிரதேசங்களும் ஒப்பந்தம் செய்திருக்கின்றன. தென் டகோட்டா அதில் உண்டு, கலிபோர்னியா இல்லை. அங்கு போக விரும்புபவர் தனியாக விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். இறக்குமதி அனுமதிப்பத்திரம் எடுத்தவர்களுக்கு இதன் விளைவைச் சொல்லித் தரத் தேவையில்லை.

நான்காவதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. தென் டகோட்டா போன்ற இடத்தின் ஒரு சிறு நகரத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு வைத்தியசாலைதான் இருக்கும். தாதியின் கணவனுக்கு அவ்வூரில் வேலை, பிள்ளைகளுக்கு அவ்வூரில் பாடசாலை, வயதான தாய் தந்தையரும் அங்கேதான். விலை பிடிக்காவிட்டால் அவள் யாரிடம் போவாள்? ஒரே ஒரு கொள்வனவாளர் உள்ள ஊரில் மரக்கறி விற்கும் கமக்காரரின் நிலைதான் அவளுடையதும்.

இதற்கும் ஓர் ஆதாரம் இருக்கின்றது. அமெரிக்காவில் முன்னாள் படையினருக்கென அரசாங்க வைத்தியசாலைகள் உண்டு. 1990இல் இயற்றிய ஒரு சட்டத்தின் மூலம், நாடு முழுவதற்கும் ஒன்றாக இருந்த தாதியர் சம்பளத்தை அந்தந்த ஊரின் நிலவரத்துக்கேற்ப 1991இலிருந்து மாற்றினார்கள். அதன் விளைவை ஸ்டைகர், ஸ்பெட்ஸ், பிப்ஸ் என்ற மூவர் ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். அரசாங்க வைத்தியசாலை சம்பளத்தைக் கூட்டிய இடங்களில் அயலிலுள்ள மற்ற வைத்தியசாலைகளும் கூட்டின. ஆனால் 10 வீதம் கூட்டிய வைத்தியசாலைக்கு உடனடியாகக் கூடிய ஆட்கள் 1 வீதம் அளவில்தான். பக்கத்துக் கடைக்காரனின் ஊழியரைச் சம்பளத்தைக் காட்டி இழுக்கலாம் என்று நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊரிலுள்ள எல்லோருடைய செலவும் ஏறும், ஆள் அவ்வளவு சுலபமாக நகர மாட்டான்.

ஆக, இடத்துக்கு இடம் சம்பளம் மாறுவதில் இரண்டு சங்கதிகள் கலந்திருக்கின்றன. அந்த இடத்தில் வாழ எவ்வளவு செலவாகும் என்பது ஒன்று. அந்த ஊழியருக்குத் திறந்திருக்கும் வேறு கதவுகள் எத்தனை என்பது மற்றது. நாம் முதலாவதைப் பேசிக்கொண்டே இரண்டாவதை வைத்துத்தான் சம்பளம் தீர்மானிக்கிறோம். மற்றவர்களைச் சொல்லவில்லை, நான் அப்படித்தான் செய்தேன்.

என் கடையில் நடந்தது

புறக்கோட்டையில் மின்சாதனப் பொருட்கள் விற்கும் கடையும், குருநாகல் பக்கம் ஒரு சிறு நகரில் கிளையும் எனக்கிருந்தன. இரண்டு இடத்திலும் ஒரே சம்பளம். அதைப் பெருமையாக நாலு பேரிடம் சொல்லிக்கொண்டும் திரிந்தேன். ஒன்பது வருடம் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருநாள் வந்து, "முதலாளி, இந்த மாசத்தோட நிக்கிறேன்" என்றார். அறை வாடகையும் சாப்பாடும் போக வீட்டுக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சவில்லை என்றார். சம்பளத்தைக் கூட்டினால் கிளைக்காரர்களும் கேட்பார்கள் என்று நான் விட்டுவிட்டேன்.

அவருக்குப் பதிலாக நாள் கூலிக்குப் பொடியன்மாரை வைத்தேன். என் ஏஜென்சித் தாதிகள். இரண்டாம் மாதம் அவர்களில் ஒருவன், ஓர் ஒப்பந்தக்காரருக்கு ஏழு சுருள் 7/0.67 வயரை 1/1.13 வயரின் விலைக்குப் பில் போட்டுக் கொடுத்துவிட்டான். அவனில் பிழையில்லை, இரண்டும் ஒரே நிறப் பெட்டி. அன்று போன பணம், போனவர் கேட்ட மேலதிகத்தின் பல மாதக் கணக்கு. கிளையிலோ யாரும் விலகவில்லை. விலக வேண்டியவர்கள் உட்பட.

இப்போது அடிப்படைச் சம்பளம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். கொழும்புக்கு மட்டும் இடத்துக்கான கொடுப்பனவு என்று ஒரு தொகை தனியாகப் போகின்றது. வீதக் கணக்கில் கொடுப்பதில்லை. காசாளருக்கும் மூட்டை தூக்குபவருக்கும் ஒரே தொகை. ஒவ்வொரு ஜனவரியிலும் மாளிகாவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் அறை வாடகையை நேரில் விசாரித்து மாற்றுகிறேன். இதிலும் ஒரு தடவை அகப்பட்டேன். கொழும்பிலிருந்து ஒருவரைக் கிளைக்கு மாற்றியபோது கொடுப்பனவு நின்றது. சம்பளத்தை வெட்டிவிட்டதாக அவர் சண்டைக்கு வந்தார். நியமனக் கடிதத்தில் நான் அதை எழுதியிருக்கவில்லை. கொடுப்பனவு இடத்துக்கு உரியது, ஆளுக்கு உரியதல்ல என்பதை முதல் நாளே எழுத்தில் கொடுத்து ஒப்பம் வாங்கிவிடுங்கள். கொடுப்பனவு என்று பெயர் வைத்து ஊழியர் சேமலாப நிதியிலிருந்து தப்பலாம் என்றும் எண்ணாதீர்கள். வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவும் அதையொத்தவையும் சட்டப்படி அக்கணக்கில் அடங்கும்.

சென்ற வாரம் ஒரு வர்த்தக நண்பர் கேட்டார்: "கிளையில ஆள் போகமாட்டான் எண்டு தெரிஞ்சும் ஏன் நாநா அதே அடிப்படையக் கொடுக்கிறீங்க? குறைச்சுப் பாருங்களேன்." கிளையின் சாவி பதினொரு வருடமாக ஒரே ஆளிடம்தான் இருக்கின்றது. அந்த நகரத்தில் அவருக்கு என் கடையை விட்டால் வேறு மின்சாதனக் கடை இல்லை. அவர் நிற்பது நான் கொடுப்பது போதுமானதாலா, போக இடம் இல்லாததாலா என்பதை இத்தனை வருடத்தில் நான் ஒருநாளும் அவரிடம் கேட்டதில்லை.

போன மாதம் அவரே தொலைபேசியில் ஒரு செய்தி சொன்னார். ஒரு பெரிய நிறுவனம் அங்கே காட்சியறை திறக்க இடம் பார்க்கின்றதாம், பஸ் நிலையத்துக்கு முன்னால். அன்று பின்னேரமே அவருடைய சம்பளப் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.